45 நாள் குட்டியின் காதில் உண்ணி: முதல் இரவும் அடுத்த மூன்று வாரமும்

குட்டியை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருப்போம். காதுக்குப் பின்னால் விரலில் ஏதோ தட்டுப்படும். முடியை விலக்கிப் பார்த்தால், ஊறவைத்த பச்சைப்பயறு அளவில் சாம்பல் நிறமாக ஒன்று தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் அதன் அடியில் பொடிப்பொடிக் கால்கள் அசையும். முதன்முதலாக நாய் வளர்ப்பவருக்கு அந்த நிமிடம் வயிற்றைக் கலக்கிவிடும்.

பதற வேண்டாம். ஒரு உண்ணியை எடுப்பது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடாதவை சில உண்டு. எடுத்த பிறகு மூன்று வாரம் கவனிக்க வேண்டியதும் உண்டு. பெரிய நாய்க்குச் சொல்லும் யோசனையெல்லாம் குட்டிக்குப் பொருந்தாது. நம்மூரில் குட்டியை 45 நாளிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். உண்ணிக்கான மாத்திரைகளோ பெரும்பாலும் 8 வாரம், அதாவது 56 நாள் நிரம்பிய குட்டிகளுக்குத்தான். இடையில் இருக்கும் அந்தப் பதினோரு நாளில்தான் பக்கத்து வீட்டு யோசனை, மாட்டுக்கு வாங்கி வைத்த மருந்து, மளிகைக்கடைப் பொடி எல்லாம் குட்டியின் மேல் ஏறுகின்றன. அதைத் தடுக்கவே முக்கியமாக இதை எழுதுகிறேன்.

அது உண்ணிதானா?

கேட்க விசித்திரமாக இருக்கலாம், ஆனால் குட்டியின் முலைக்காம்பை உண்ணி என்று நினைத்துப் பிடுங்கப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆண் குட்டிக்கும் முலைக்காம்பு உண்டு. வயிற்றில் இரண்டு வரிசையாக, ஏறக்குறைய ஜோடி ஜோடியாக இருக்கும். வயிற்றுப் பக்கம் ஏதாவது தென்பட்டால் எதிர்ப்பக்கத்திலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மரு என்றால் தோலின் நிறத்திலேயே இருக்கும், கால் இருக்காது. காய்ந்த புண்ணின் பொருக்கு தட்டையாக இருக்கும். சந்தேகம் தீரவில்லையா, கைபேசியில் நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கால்கள் தெரிந்துவிடும்.

குதித்து ஓடினால் அது தெள்ளுப்பூச்சி. உண்ணி குதிக்காது. மெல்ல ஊரும், இல்லையென்றால் கடித்த இடத்திலேயே கிடக்கும்.

நம் வீடுகளில் நாயின் மேல் பெரும்பாலும் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி. முட்டையிலிருந்து வந்த புதிதில் கடுகைவிடச் சின்னதாக, ஆறு கால்களோடு இருக்கும். அடுத்த நிலையில் எள்ளளவு, எட்டுக் கால். வளர்ந்து பசியோடு திரியும்போது சுமார் 3 மில்லிமீட்டர், தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே உப்பி, கொட்டைமுத்து மாதிரி ஆகிவிடும். ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் ஒட்டியிருப்பதும் சகஜம். பெரிய சாம்பல் உருண்டைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பழுப்பு உண்ணி கிடந்தால் அதுதான் விஷயம். பெரியதை எடுத்துவிட்டுச் சின்னதை விட்டுவிடாதீர்கள்.

கையில் எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது

மண்ணெண்ணெய், டர்பன்டைன், பெட்ரோல், அணைத்த தீக்குச்சி, ஊதுபத்தி நுனி, உப்பு, சுண்ணாம்பு, வாசலின், நெயில் பாலிஷ், தேங்காய் எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒன்றும் வேண்டாம். சுட்டாலோ மூச்சடைத்தாலோ உண்ணி உடனே வாயைக் கழற்றிக்கொண்டு ஓடிவிடாது. கடித்த நிலையில் அதைத் தொந்தரவு செய்யச் செய்ய அதன் எச்சிலும் வயிற்றில் இருப்பதும் குட்டியின் உடம்புக்குள் இறங்கும் ஆபத்துதான் கூடுகிறது. மண்ணெண்ணெய் பட்டால் குட்டியின் தோல் வெந்து போகும். நக்கினால் அது வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் போகும்.

புகையிலை ஊறவைத்த தண்ணீர், கற்பூரம், ரசகற்பூர உருண்டை ஆகியவை குட்டிக்கு நேரடியாகவே விஷம். பூண்டு அரைத்துப் பூசுவதையும் உணவில் கலப்பதையும் சிலர் செய்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. உண்ணி ஏற்கெனவே ரத்தத்தைக் குறைத்திருக்கும்போது அதன்மேல் இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாட்டுக் கொட்டகைக்கு வைத்திருக்கும் பூச்சி மருந்தைக் கலக்கிக் குட்டியைக் குளிப்பாட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். இரண்டு கிலோ உடம்புக்கு அந்த அளவு தாங்காது.

வேண்டியவை இவ்வளவுதான்: நுனி கூரான ஒரு சாமணம், மெடிக்கல் கடையில் கிடைக்கும் கையுறை, மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு சர்ஜிக்கல் ஸ்பிரிட், பஞ்சு, கொஞ்சம் பெட்டாடின், நல்ல வெளிச்சம். புருவம் எடுக்கும் தட்டை நுனிச் சாமணம் சரிப்படாது, உண்ணியின் வயிற்றை நசுக்கிவிடும். செல்லப்பிராணிக் கடைகளில் உண்ணி எடுக்கவென்றே பிளவுபட்ட நுனியுள்ள ஒரு பிளாஸ்டிக் கொக்கி விற்கிறார்கள். விலை அதிகமில்லை. நாய் வளர்க்கப்போகிறீர்கள் என்றால் ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.

எடுக்கும் விதம்

குட்டி தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம் நல்ல நேரம். சாப்பிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு வந்து சுருண்டு படுக்குமே, அப்போது. ஒருவர் மடியில் வைத்து லேசாகப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். தனியாள் என்றால் துண்டில் சுற்றி, உண்ணி இருக்கும் பக்கத்தை மட்டும் வெளியே விடுங்கள். வாய்க்கு எதையாவது நக்கக் கொடுத்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. விரலில் ஒட்டிய கொஞ்சம் தயிர் எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது.

முடியை இரண்டு பக்கமும் விலக்கித் தோல் தெரியச் செய்யுங்கள். சாமணத்தின் நுனியை உண்ணியின் உடம்பில் வைக்காதீர்கள். அதன் வாய் தோலுக்குள் நுழையும் இடத்தில், தோலை உரசிக்கொண்டு வையுங்கள். பிடித்ததும் நேராக மேலே, ஒரே சீராக இழுங்கள். வெடுக்கென்று வேண்டாம். சாமணத்தால் திருகவும் வேண்டாம். இழுக்கும்போது குட்டியின் தோல் சின்னக் கூடாரம் போல மேலே எழும்பும். அங்கேயே அழுத்தம் குறையாமல் சில நொடி பிடித்திருந்தால் பொசுக்கென்று கையோடு வந்துவிடும். பழுப்பு நாய் உண்ணிக்கு வாய்ப்பகுதி குட்டையானது. அதனால் பொறுமையாக இழுத்தால் பெரும்பாலும் முழுதாகவே வரும். பிளாஸ்டிக் கொக்கி என்றால் முறை வேறு. பிளவுக்குள் உண்ணியை நுழைத்து, தோலோடு ஒட்டவைத்து, மெதுவாகச் சுழற்றினால் கழன்றுகொள்ளும்.

வந்ததும் நேரே ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு மூடுங்கள். நகத்தில் வைத்துச் சொடுக்குவது, தரையில் போட்டுக் காலால் தேய்ப்பது நம் வீடுகளில் காலகாலமாக நடப்பது. இனி வேண்டாம். அதன் வயிற்றில் இருப்பது நாயின் ரத்தம் மட்டுமல்ல, அந்த ரத்தத்தில் கிருமியும் இருக்கலாம். நம் விரலில் ஒரு கீறல் இருந்தால் போதும். பழுப்பு நாய் உண்ணியால் மனிதருக்கும் ஒருவகைப் புள்ளிக்காய்ச்சல் வருகிறது. வெறும் தண்ணீரில் போட்டுச் சாக்கடையில் கொட்டுவதும் பயனில்லை. உண்ணி அவ்வளவு சீக்கிரம் மூழ்கிச் சாகாது.

கடித்த இடத்தைப் பஞ்சில் பெட்டாடின் தொட்டுத் துடைத்து, காயும்வரை குட்டி நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெட்டால், ஃபினாயில் வகையறா குட்டியின் தோலுக்கு வேண்டாம். ஓரிரு நாளைக்கு அந்த இடம் கொசு கடித்த மாதிரி சிறு மேடாக இருக்கும், தானே வற்றும். கரும்புள்ளியாக ஏதோ உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறதே, தலை உள்ளே போய்விட்டதோ என்று ஊசியை வைத்துக் குத்தாதீர்கள். அது தலை அல்ல, வாயின் நுனி. முள் ஏறினால் எப்படி உடம்பு தானே வெளியே தள்ளுகிறதோ அப்படித் தள்ளிவிடும். வீக்கம் பெரிதானால், சீழ் வைத்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்று கிடைத்தால் இன்னும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூக்கிலிருந்து வால்வரை விரலால் தடவித் தேடுங்கள். காது மடலின் உள்பக்கம், காதின் அடியில் தோல் மடிந்து பை மாதிரி இருக்கும் இடம், இமை ஓரம், தாடைக்கு அடியில், கழுத்துப் பட்டைக்குக் கீழே, அக்குள், தொடை இடுக்கு, வாலுக்கு அடியில் எல்லாம் பாருங்கள். கடைசியாக ஒவ்வொரு பாதத்தையும் விரித்து விரல் இடுக்குகளைப் பாருங்கள். புதியவர்கள் தவறவிடுவது இந்த விரல் இடுக்கைத்தான்.

இரண்டு மூன்று உண்ணிக்கு இந்த முறை போதும். பத்து இருபது என்று கொத்தாக இருந்தால் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருக்காமல் குட்டியை மருத்துவரிடம் தூக்கிப்போங்கள். நாய்க்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 முதல் 90 மில்லி ரத்தம்தான். இரண்டு கிலோ குட்டியின் மொத்த ரத்தமும் ஒரு காபி டம்ளருக்குள் அடங்கிவிடும். அதில் இருபது வாய் குடித்தால், நோய்க்கிருமி எதுவும் ஏறாமலேயே ரத்தசோகையில் குட்டி விழுந்துவிடும்.

தேதியை எழுதுங்கள்

எடுத்தாயிற்று, குட்டி துள்ளி விளையாடுகிறது, மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் மறந்தேன். மழைநாளில் தெருவிலிருந்து தூக்கிவந்த ஒரு நாட்டுநாய்க் குட்டி. காதில் இரண்டு உண்ணி, எடுத்துப் போட்டேன். இரண்டு வாரம் கழிந்து ஒரு காலையில் பால்சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போனது. பல் முளைக்கிறது போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் மருத்துவர் அதன் உதட்டைத் தூக்கினார், ஈறு தேங்காய்ச் சில்லு மாதிரி வெளுத்திருந்தது. "உண்ணி எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார். என்னால் தேதி சொல்ல முடியவில்லை. குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த இரண்டு நாளை நான் வீணாக்கியிருக்கக் கூடாது.

அதிலிருந்து உண்ணி எடுத்த அன்றே காலண்டர் தாளில் "உண்ணி, இடது காது, 2" என்று எழுதி, ஸ்பிரிட் பாட்டிலிலும் தேதி ஒட்டிவிடுவது என் பழக்கம். அன்றிலிருந்து மூன்று வாரம் எண்ணிக்கொள்வேன்.

ஏன் மூன்று வாரம்? உண்ணி கொண்டுவரும் நோய்களில் நாம் அதிகம் பார்ப்பவை இரண்டு. ஒன்று எர்லிக்கியா என்ற பாக்டீரியா, வெள்ளணுக்களுக்குள் குடியேறி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) குறைப்பது. கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் வெளிப்படும். இன்னொன்று பேபிசியா, சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும் ஒட்டுண்ணி. இதுவும் ஏறக்குறைய அதே கால அளவில்தான் தலைகாட்டும். பேபிசியா ஜிப்சோனி என்ற வகை சென்னையோடு பிறப்புத் தொடர்புடையது. 1910-ல் பேட்டன் என்ற ஆய்வாளர் அதை முதன்முதலில் விவரித்தது, அன்றைய மெட்ராஸ் ஹன்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில் கண்டுதான். பிறகு நரியின் ரத்தத்திலும் கண்டார். நூறு வருடத்துக்கு மேல் நம் மண்ணில் நம் நாய்களோடு இருக்கும் நோய் இது. உண்ணி மட்டுமல்லாமல் தாயின் வயிற்றிலிருந்தே குட்டிக்கு வருவதும் உண்டு. எனவே குட்டி வாங்கிய இடத்தில் தாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்திருந்ததா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது. செய்தித்தாளில் மனிதருக்கு "உண்ணிக் காய்ச்சல்" என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அது புதர்களில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணியின் இளம்புழு கடித்து வருவது, நாயின் மேல் ஒட்டும் இந்த உண்ணியால் அல்ல. நாய் வளர்ப்பவர்கள் நாய்க்கு வருவதை "டிக் ஃபீவர்" என்பார்கள். மருத்துவரிடமும் அப்படியே சொல்லுங்கள். இணையத்தில் அமெரிக்கப் பக்கங்களைப் படித்துவிட்டு லைம் நோய், வட்டத் தடிப்பு என்று பயப்படவும் வேண்டாம். லைமைப் பரப்புவது வேறு இன உண்ணி.

தினமும் காலையில் இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். முதலில் சாப்பாடு. குட்டி ஒருவேளை சாப்பிடாவிட்டால் கவனியுங்கள், இரண்டு வேளை சாப்பிடாவிட்டால் கிளம்புங்கள். அப்புறம் பகல் வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு கொய்யாவின் உள்சதை போல இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். சில குட்டிகளுக்கு ஈறே கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். ஈறிலோ அடிவயிற்றிலோ சிவப்பு ஊசிமுனைப் புள்ளிகள் இருந்தால் தட்டணு குறைகிறது என்று பொருள்.

சிறுநீரை ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றிப் பாருங்கள். டிகாக்ஷன் நிறம், கருஞ்சிவப்பு என்றால் சிவப்பணு உடைகிறது. இதற்கு மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். மூக்கில் ரத்தம் வந்தாலும் அப்படித்தான்.

உடம்பு சுடுகிறதா என்று மூக்கைத் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். குட்டிக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வையுங்கள். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். நமக்கு 101 காய்ச்சல், அதற்கு அது சாதாரணம். 103-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் என்று வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையைத் துண்டு கிள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். இவை நாய்க்கு ஈரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை.

குட்டி சோர்ந்தால் எல்லாவற்றுக்கும் உண்ணியே காரணம் என்றும் முடிவு கட்டாதீர்கள். வாந்தியும் நாற்றமடிக்கும் பேதியும் இருந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவாலும் இருக்கலாம். குட்டிகளில் அது மிகவும் சகஜம். பிரித்துச் சொல்வது மருத்துவரின் வேலை. சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

மருத்துவரிடம்

காய்ச்சல் வரவில்லை என்றாலும் ஒருமுறை போய்வாருங்கள். எப்படியும் முதல் தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் போகவேண்டிய வயதுதான் அது. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்திலேயே பார்க்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

அங்கே சொல்லவேண்டியவை: குட்டி பிறந்து எத்தனை நாள், இன்றைய எடை எவ்வளவு, உண்ணியைப் பார்த்த தேதி, எத்தனை இருந்தன, வீட்டில் பூனையோ முயலோ இருக்கிறதா, இதுவரை எதையாவது பூசினீர்களா. கடைசிக் கேள்விக்கு வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மண்ணெண்ணெய் போட்டிருந்தால் போட்டேன் என்று சொல்லுங்கள். எடை பார்க்க எளிய வழி, எடை எந்திரத்தில் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு குட்டி இல்லாமல் ஏறிக் கழிப்பது. இரண்டு கிலோவுக்குக் கீழ் என்றால் மளிகைக்கடைத் தராசுதான் சரியாகக் காட்டும்.

மருந்துகளைப் பற்றி ஒரு அடிப்படைப் புரிதல் உங்களுக்கு இருப்பது நல்லது. மிகச் சிறிய குட்டிகளுக்கும் அனுமதிக்கப்பட்டது ஃபிப்ரோனில் ஸ்ப்ரே. முன்னணி நிறுவனத் தயாரிப்பின் குறிப்பேட்டில் பிறந்து 2 நாள் ஆன குட்டியிலிருந்தே போடலாம் என்று இருக்கிறது. அளவை எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். அதில் ஆல்கஹால் இருப்பதால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். போட்டதும் குட்டி குளிர்ந்து நடுங்கும், எனவே மின்விசிறியின் கீழ் வேண்டாம். தீப்பற்றும், எனவே விளக்கு, அடுப்புப் பக்கம் வேண்டாம். முகத்தில் நேரே அடிக்காமல் கையுறையில் தெளித்துத் தடவுங்கள். காயும்வரை நக்கவிடாதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள். அதே ஃபிப்ரோனில் முயலுக்கு ஆபத்து. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். கலப்பு வீடுகளில் இதை மறக்கவே கூடாது.

மெல்லும் மாத்திரைகளில் அஃபாக்சோலனர், ஃப்ளூராலனர் போன்றவை நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் வயது, எடை வரம்பு பிராண்டுக்கு பிராண்டு வேறு, 8 வாரமும் 2 கிலோவும் பொதுவாகக் கேட்கும் அளவு. 2018-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த வகை மாத்திரைகள் சில நாய்களுக்கு வலிப்பு, நடுக்கம் உண்டாக்கலாம் என்று எச்சரித்தது. குட்டிக்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அமிட்ராஸ் கலந்த குளியல் மருந்து மலிவாகக் கிடைப்பதால் பலர் வாங்கிவிடுகிறார்கள். சின்னக் குட்டிக்கு அது வேண்டவே வேண்டாம். பெரிய நாய்க்கு வாங்கிய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும் கணக்குப்படி சரிவராது.

காய்ச்சல் இருந்தால் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். தட்டணு எண்ணிக்கை நாய்க்கு இரண்டு முதல் ஐந்து லட்சம் வரை இயல்பு. இதுபோக, ரத்தத்துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்ப்பது, எதிர்ப்பொருள் அட்டைச் சோதனை, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் என்று உண்டு. அட்டைச் சோதனை முதல் நாட்களில் "இல்லை" என்று காட்டலாம். அதை வைத்து நிம்மதியாகிவிடாமல், திரும்ப எப்போது பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எர்லிக்கியாவுக்குப் பொதுவாக டாக்ஸிசைக்ளின், 28 நாள். நான்காம் நாளே குட்டி குதிக்கத் தொடங்கும், அங்கேதான் பலர் மருந்தை நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள். உணவோடு கொடுங்கள், இல்லையென்றால் வாந்தி எடுக்கும். பேபிசியாவுக்கு மருந்து வேறு, டாக்ஸிசைக்ளின் மட்டும் போதாது. அதனால்தான் பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிய சீட்டை வைத்து நாமே மருந்து வாங்கக்கூடாது. பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அது ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லாது. அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போட்டால் போகும் நாள் குட்டியின் நாள்.

சுவரைப் பாருங்கள்

புதியவர்கள் சோர்ந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். எடுக்க எடுக்க வருகிறதே என்பார்கள். காரணம் குட்டியிடம் இல்லை, வீட்டில் இருக்கிறது. பழுப்பு நாய் உண்ணிக்குப் புல்லும் காடும் தேவையில்லை. முட்டை முதல் முதுமை வரை ஒரு வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கக்கூடிய உண்ணி இது. ஒவ்வொரு நிலையிலும் நாயின் மேல் ஏறி, சில நாள் குடித்து, கீழே விழுந்து, ஒளிந்து, தோலுரித்து, மறுபடி ஏறும். வயிறு நிரம்பிய பெண் உண்ணி விழுந்ததும் இருட்டுச் சந்து தேடிப்போய் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துவிடும். இரை கிடைக்காத உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

அது மேல்நோக்கி ஏறும் குணமுள்ளது. தரையை மட்டும் துடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவு நிலையின் பின்பக்கம், சுவர் விரிசல், சுவிட்ச் பெட்டியின் ஓரம், கட்டில் சட்டத்தின் இணைப்பு, திரைச்சீலையின் மடிப்பு, படத்துக்குப் பின்னால், கூரை மூலை எல்லாம் பாருங்கள். என் வீட்டில் ஒருமுறை குட்டியின் படுக்கைக்கு நேர் மேலே, ஆளுயரத்தில், நாட்காட்டி மாட்டிய ஆணித் துளையைச் சுற்றி ஏழெட்டு உட்கார்ந்திருந்தன.

குட்டியின் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்கி வெயிலில் காயப்போடுங்கள். பழைய சாக்கும் பஞ்சு மெத்தையும் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் சந்துபொந்துகளில் ஓட்டி, குப்பையை அன்றே பையில் கட்டி வெளியேற்றுங்கள். விரிசல்களையும் ஆணித் துளைகளையும் சிமென்ட் அல்லது பட்டி வைத்து அடைத்துவிடுங்கள். மருந்தடிப்பதைவிட இது நீண்ட நாள் நிற்கும். பூச்சி மருந்து அடிக்க ஆளை வரவழைத்தால், வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது என்று முதலில் சொல்லி, குட்டியை வேறு இடத்தில் விட்டு, முழுதாகக் காய்ந்து காற்றாடிய பிறகே உள்ளே விடுங்கள். மீன்தொட்டி இருந்தால் மூடி, காற்றுக்குழாயை நிறுத்துங்கள்.

ஒருமுறை அடித்தால் முட்டைகள் தப்பிவிடும். வெயில் காலத்தில் முட்டை மூன்று வாரத்துக்குள் பொரித்துவிடும், மொத்தச் சுற்றும் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். எனவே முதல் மருந்துக்குப் பிறகு இரண்டாம், மூன்றாம் முறை எப்போது என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று மாதம் சுவரையும் குட்டியையும் சேர்த்தே பாருங்கள். மாடியிலும் பக்கத்து வீட்டிலும் நாய் இருந்தால் அவர்களிடமும் சொல்லி, ஒரே வாரத்தில் எல்லா நாய்க்கும் மருந்து போடச் செய்யுங்கள். அடுத்த உண்ணி குட்டியின் மேல் கிடைத்தால் காலண்டரில் புதிய தேதியை எழுதி, மூன்று வாரத்தை அன்றிலிருந்து மறுபடி எண்ணுங்கள்.